மைக் டேவிட்சனின் சன்பர்ஸ்ட் கிட்டார்

மைக் கீச்சென்று அலறினால் சபை மொத்தமும் பின்பக்கம் திரும்பி டேவிட்சனைப் பார்க்கும். பதினெட்டு வருடமாக இதுதான் நடக்கிறது. டெல்லி ஜனக்புரியிலும் அக்கம்பக்கத்துக் காலனிகளிலும் இருக்கிற தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஓர் அறுபது சேர்ந்து நடத்துகிற சபை அது. சொந்தக் கட்டடம் கிடையாது. காலையில் இங்கிலீஷ் ஆராதனை நடக்கிற கோயில் ஒன்றை ஞாயிற்றுக்கிழமை மாலை நாலிலிருந்து ஆறு வரைக்கும் கேட்டு வாங்கியிருந்தார்கள். ஆறு அடித்தால் இந்திச் சபைக்காரர்கள் பாட்டுப் புத்தகத்தோடு வாசலில் வந்து நிற்பார்கள். அதற்குள் பாட்டு, ஜெபம், பிரசங்கம், காணிக்கை எல்லாம் முடிந்தாக வேண்டும். முன்கூட்டியே வந்து வயரை இழுத்து, மைக்கை நிறுத்தி, "ஹலோ, ஹலோ" என்று தட்டிப் பார்ப்பது டேவிட்சன் வேலை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டெக்னீஷியனாக இருக்கிற மனிதருக்கு வேறு எந்த வேலையைக் கொடுப்பார்கள்? யாரும் கூப்பிட்டுக் கொடுக்கவும் இல்லை. அதுவாக வந்து ஒட்டிக்கொண்டது. பெயரே மைக் டேவிட்சன் என்று ஆகிவிட்டது.

அவர் பிறந்தது நாசரேத்தில். தகப்பனார் கோயில்குட்டியார், மணியடிப்பது, விளக்குத் துடைப்பது, பாய் விரிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. கோயில்குட்டியார் வீட்டுப் பையன் கோயிலுக்குள் முன்னால் நின்று எதையும் செய்ய முடியாது என்பது யாரும் எழுதி வைக்காத சட்டம். தூத்துக்குடியில் ஐ.டி.ஐ. படித்த இரண்டு வருடத்தில் படிப்பைவிடக் கிட்டாரைத்தான் டேவிட்சன் ஒழுங்காகக் கற்றுக்கொண்டார். கல்யாண வீடுகளில் கச்சேரி செய்கிற மெல்லிசைக் குழுவில் வாசித்தார். 1980-இல் டெல்லியில் வேலை கிடைத்ததும் கிட்டாரைக் குழுவிடமே விட்டுவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு ரயிலேறினார். பிறகு கல்யாணம், மூன்று வீடு மாறியது, மகள் ஜெனிஃபர் பிறந்தது என்று காலம் ஓடிப்போயிற்று. தனக்கு வாசிக்கத் தெரியும் என்று சபையில் யாரிடமும் அவர் சொன்னதில்லை. சொல்லக் கூச்சம். யாராவது கேட்பார்கள் என்று இருந்தார். ஒருவரும் கேட்கவில்லை.

1998 மார்ச்சில் அவருக்கே பொறுக்கவில்லை. முனிர்காவில் அறை எடுத்துப் படித்துக்கொண்டிருந்த மிசோரம் மாணவன் ஒருவன் படிப்பை முடித்து ஊருக்குக் கிளம்புகிறான், எலெக்ட்ரிக் கிட்டாரும் சின்ன ஆம்ப்ளிஃபயரும் விற்கிறான் என்று கேள்விப்பட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வந்துவிட்டார். ரத்தச் சிவப்பு நிறம். நடு நெஞ்சில் ஒரு மண்டையோட்டு ஸ்டிக்கர். வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அதை உரித்தார். ஸ்டிக்கர் போயிற்று, மண்டையோடு போகவில்லை. வெயிலில் மற்ற இடமெல்லாம் வெளுத்திருக்க, ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த சிவப்பு மட்டும் பத்திரமாக இருந்தது. இரண்டு கண் குழியும் பல்வரிசையும் துல்லியமாகத் தெரிந்தன.

ஆனாலும் வாசிப்பு வந்தது. பதினெட்டு வருடம் கழித்தும் வந்தது. சாயங்காலம் எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்ததும் உட்கார்ந்துவிடுவார். இரண்டு மாதத்தில் விரல் நுனி காய்த்துப்போய், கை சொன்னபடி கேட்க ஆரம்பித்தது. ஊரில் டிசம்பர் பிறந்தால் வீட்டுக்கு வீடு பாடுகிற பழைய கீர்த்தனை ஒன்று. அதற்கு முன்னாலும் நடுவிலும் வாசிக்க அவரே ஒரு துண்டு கட்டியிருந்தார். அந்த வருடம் கிறிஸ்துமஸ் கீத ஆராதனையில் அதை வாசிக்க வேண்டும். ஒரே ஒரு பாட்டு போதும். மைக்கைத் திருக அல்ல, வாசிக்க என்று ஒருமுறை முன்னால் போய் நிற்க வேண்டும். நாற்பத்து மூன்று வயதில் அந்த மனிதருக்கு இருந்த ஆசை இவ்வளவுதான்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கிட்டாரைத் துணிப்பையிலிருந்து எடுத்து ஜெபராஜிடம் காட்டினார். ஜெபராஜ் சபைக் கமிட்டியின் செயலாளர். வார நாட்களில் ஓர் அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசர். யாரையும் முகம் கோண விடாமல் காரியம் நடத்துகிறவர் என்று அவருக்குப் பேர். முடியாது என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததாகச் சரித்திரமே இல்லை.

"அட, வாசிப்பியளா? சொல்லவே இல்லையே!" என்றார் ஜெபராஜ். கிட்டாரைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் சாய்த்தார். மண்டையோடு அவரைப் பார்த்துச் சிரித்தது.

"கலரு கொஞ்சம்... சினிமாக்காரன் சாமான் மாதிரில்லா இருக்கு. கமிட்டில நாலு பேரு நாலு சொல்லுவாவ. நீங்க கலர மட்டும் மாத்திட்டியன்னா போதும், வேற ஒரு பிரச்சினையும் இல்ல."

கலரை மட்டும். டேவிட்சன் அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவர் மனைவி தெரசா ஆஸ்பத்திரியில் நர்ஸ். தூத்துக்குடி ஆர்.சி. குடும்பத்துப் பெண், கல்யாணத்துக்காக இந்தச் சபைக்கு மாறியவள். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அவுங்களுக்குக் கித்தாரே வேண்டாம். கலருல ஒண்ணும் இல்ல."

"ஒனக்கு எங்க சபை வழக்கம் தெரியாது."

"எனக்கு மனுசர தெரியும்லா."

டேவிட்சனுக்குக் கோபம் வந்தது. கலரை மாற்றச் சொன்னார்கள், மாற்றினால் தீர்ந்தது. இதில் மனுசரைத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? டெலிபோன் கேட்டு அலைகிறவர்களிடம் இல்லை என்று சொல்லாமல், அடுத்த மாதம் வாருங்கள், இந்தப் படிவத்தில் இன்னொரு நகல் கொண்டுவாருங்கள் என்று அனுப்பி அனுப்பியே வருடத்தை ஓட்டுகிற ஆபீசில் உட்கார்ந்திருக்கிறவர் அவர். அவருக்கே இது புரியவில்லை என்றால் ஆசை கண்ணை எவ்வளவு மறைத்திருக்க வேண்டும்!

அடுத்த ஞாயிறு காலை தரியாகஞ்சுக்குப் போனார். நடைபாதையில் பழைய புத்தகங்களை எடை போட்டு விற்கிற சந்தையில், வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் அந்தப் படம் கிடைத்தது. நாற்பது வருடப் பழைய கிட்டார் ஒன்று பக்கம் முழுக்கச் சாய்ந்து கிடந்தது. சன்பர்ஸ்ட் என்று கீழே போட்டிருந்தார்கள். நடுவில் தேன் நிறம்; மரத்தின் ரேகை உள்ளே ஓடுவது தெரிகிறது. வெளியே வர வர அது செம்மை தட்டி, ஓரத்தில் கறுத்த பழுப்பாக முடிகிறது. எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. புதிதாக இருந்தபோது அந்தச் சிவப்பு இன்னும் பளிச்சென்று இருந்திருக்கும், வருடங்கள் போகப் போக மங்கி, மேலே பூசிய லாக்கர் வார்னிஷும் மஞ்சளித்து இந்த நிறத்துக்கு வந்திருக்கிறது என்று பத்திரிகையில் எழுதியிருந்தது. டேவிட்சன் நடைபாதையிலேயே நின்று மூன்று தடவை படித்தார். சபைக்குப் பொருந்தும், சினிமாத்தனம் இல்லை, மரம் மரமாகத் தெரிகிறது என்று தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொண்டார். உண்மை என்னவென்றால் அந்த நிறத்தின் மேல் அவருக்கு ஆசை வந்துவிட்டது. கமிட்டியே வேண்டாம் என்று சொன்னாலும் இனி அவர் அதை விடப்போவதில்லை.

படத்தை ஜெபராஜிடம் காட்டினார். "ரொம்ப நல்லாருக்கு. ஆனா படத்த வச்சு எப்பிடி முடிவு எடுக்க? ஒரு மாதிரி செஞ்சு கொண்டாருங்க, கமிட்டில வைப்போம்" என்றார் அவர்.

கீர்த்தி நகரில் சோபாவும் கட்டிலும் செய்கிற கடைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அங்கே ஒரு சந்துக்குள் இர்ஃபான் பாய் என்கிற பாலிஷ்காரர் கம்ப்ரஸரும் ஸ்ப்ரே துப்பாக்கியுமாக இருந்தார். டேவிட்சன் பத்திரிகைப் படத்தை நீட்டி, ஒரு மணி நேரம் விளக்கத் தயாராக மூச்சை இழுத்தார். இர்ஃபான் பாய் படத்தைப் பார்த்த பார்வையிலேயே சொன்னார்:

"அரே பாபுஜி, யே தோ டபுள் பெட் கா ஷேட் ஹை."

கட்டிலுக்கு அடிக்கிற நிறம்தானே இது என்று, சந்தின் இரண்டு பக்கமும் சாத்தி வைத்திருந்த கட்டில் தலைப்பலகைகளைக் கைகாட்டினார். டேவிட்சன் திரும்பிப் பார்த்தார். பஞ்சாபிக் கல்யாணங்களுக்காகச் செய்த கட்டில்கள். ஒவ்வொன்றிலும் நடுவில் மஞ்சள், ஓரத்தில் கறுப்பு. இது டபுள் பெட் இல்லை, பழைய சாமான் மாதிரி தெரிய வேண்டும் என்று தனக்குத் தெரிந்த இந்தியில் மன்றாடினார்.

"எல்லாரும் பழசைக் கொண்டுவந்து புதுசாக்கு என்கிறார்கள். நீங்கள் புதுசைப் பழசாக்கச் சொல்கிறீர்கள். அச்சா, செய்கிறேன்" என்றார் இர்ஃபான் பாய்.

மே மாதம் மூன்று பிளைவுட் துண்டுகள் தயாராயின. ஒன்றில் தேன் நிறமும் கரும்பழுப்பும் மட்டும். இரண்டாவதில் நடுவே செம்மை வளையம். மூன்றாவதில் செம்மை மங்கிப்போய், பாலில்லாத டீயைப் போன்ற நிறம். டேவிட்சன் மனசு மூன்றாவதில்தான் இருந்தது. ஜெனிஃபர் அவற்றின் பின்னால் ஏ, பி, சி என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக் கொடுத்தாள். ஜெபராஜ் மூன்றையும் ஒரு ஃபைல் அட்டைக்குள் வைத்து, நாடா கட்டி, மேலே ஒரு தாளைக் கோத்தார். உறுப்பினர்கள் தங்கள் கருத்தைப் பதிய வேண்டும் என்று கோரிக்கை. ஏழு பேர் கமிட்டி. ஏழு பேரில் ஐந்து பேர் மத்திய அரசு ஊழியர்கள். ஃபைலைக் கண்டால் அவர்களுக்குக் கை சும்மா இருக்குமா? அது ஆர்.கே. புரம் போயிற்று, சரோஜினி நகர் போயிற்று, ஒருவர் லீவில் ஊருக்குப் போனபோது மூன்று வாரம் அவர் அலமாரியில் தூங்கிற்று. பிளைவுட் துண்டுகள் டேவிட்சனைவிட அதிகமாக டெல்லியைச் சுற்றிப் பார்த்தன.

திரும்பி வந்தபோது தாள் நிரம்பியிருந்தது. ஏ-யில் நடுவில் வெளிச்சமும் சுற்றி இருட்டும் இருப்பது ஆர்.சி. படங்களில் புனிதர் தலைக்குப் பின்னால் போடுகிற வட்டத்தை நினைவூட்டுகிறது, தவிர்ப்பது நலம். பி-யில் சிவப்பு இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. சி பழைய மேசை மாதிரி இருக்கிறது, ஆண்டவருக்குப் படைப்பது புதிதாக இருக்க வேண்டாமா? கடைசியில் ஒருவர், மேலே உள்ள கருத்துகளுடன் உடன்படுகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

ஏ-யைப் பற்றிய குறிப்பைத் தெரசா இரண்டு தடவை வாசித்தாள். "அப்பம் எங்க அந்தோணியாருக்கும் ஒங்க கித்தாருக்கும் ஒரே கலரா?" என்று சிரித்தாள். டேவிட்சனுக்குச் சிரிக்க முடியவில்லை. வாசிக்க வருமா, என்ன பாட்டு, எவ்வளவு நேரம் என்று ஏழு பேரில் ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை. அந்த ஆத்திரம் அவருக்குள் இருந்தது. ஆனால் அதை யாரிடம் போய்க் காட்டுவது? எல்லாரும் அன்பாகத்தான் எழுதியிருந்தார்கள்.

ஜெபராஜிடம் போய், எதைத்தான் செய்யட்டும் என்று கேட்டார். "சி-யே இருக்கட்டும். கொஞ்சம் புதுசா தெரியுத மாதிரி செஞ்சிருங்க" என்றார் ஜெபராஜ். பழசாகவும் இருக்க வேண்டும், புதிதாகவும் தெரிய வேண்டும். டேவிட்சன் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

ஜூன் கடைசியில் கிட்டாரைப் பிரித்தார். கம்பிகளைக் கழற்றி, கழுத்தைத் திருகி எடுத்து, உள்ளே இருந்த வயர்களை ஒரு டிபன் டப்பாவில் போட்டார். பால்கனியில் உட்கார்ந்து உப்புத்தாளால் சிவப்பைத் தேய்த்தார். மண்டையோடுதான் கடைசியாகப் போயிற்று. அடியில் வெளிர் மரம், நல்ல ரேகையோடு. அதை ஜூலையில் கீர்த்தி நகருக்கு எடுத்துப் போனார்.

"மழையில் லாக்கர் அடிக்கக் கூடாது, பாபுஜி. அக்டோபரில் வாருங்கள்" என்றார் இர்ஃபான் பாய்.

அக்டோபர் என்றால் கிறிஸ்துமஸுக்கு நாள் போதாது என்று டேவிட்சன் பறந்தார். ஜல்தி, ஜல்தி என்று நின்ற இடத்திலேயே நெருக்கினார். இர்ஃபான் பாய் தோளைக் குலுக்கிவிட்டு அடித்தார். அன்றைக்குச் சாயங்காலமே மழை கொட்டிற்று. மறுநாள் போய்ப் பார்த்தால் தேன் நிறம் முழுக்கப் பால் கொட்டியதுபோல் வெள்ளை பூத்திருந்தது. இர்ஃபான் பாய் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். தப்பு தன்னுடையது என்று தெரிந்தபிறகு யாரோடு சண்டை போடுவது? மறுபடி பால்கனி, மறுபடி உப்புத்தாள்.

இரண்டாவது தடவை செப்டம்பர் கடைசியில். எக்ஸ்சேஞ்சில் கேபிள் பழுது, லீவு கிடைக்கவில்லை. உடலை இர்ஃபான் பாயிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். இர்ஃபான் பாய் இந்த முறை தன் கைவரிசையையும் சேர்த்துக் காட்டியிருந்தார். ஓரத்தில் மட்டும் இல்லாமல், வயர் போகிற ஒவ்வொரு குழியைச் சுற்றியும் ஒரு கறுப்பு ஷேட். மேலே கண்ணாடி மாதிரி பளபளப்பு. வீட்டுக்குக் கொண்டுவந்து சோபாமேல் வைத்ததும் ஜெனிஃபர் கையால் வாயைப் பொத்தினாள்.

"பப்பா, யே தோ பில்குல் டபுள் பெட் ஹை!"

"தமிழ்ல பேசு."

"டபுள் பெட்டுக்குத் தமிழ்ல என்ன பப்பா?" என்று கேட்டாள், கேலி இல்லாமல், நிஜமாகவே தெரியாமல். டேவிட்சன் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். உப்புத்தாள் அங்கேயேதான் இருந்தது.

மூன்றாவது தடவை நவம்பர். மூன்று நாள் லீவு போட்டு இர்ஃபான் பாயின் பக்கத்திலேயே நின்றார். உடலைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, இர்ஃபான் பாய் ஸ்ப்ரேயைச் சாய்த்துப் பிடித்து ஓரம் ஓரமாகச் சுற்றி வந்தார். படம் அவர் கண்ணுக்கு எதிரே சுவரில் ஒட்டியிருந்தது. செம்மை விழுந்ததும் டேவிட்சன் கையைத் தூக்குவார், இர்ஃபான் பாய் நிறுத்துவார். தள்ளி நின்று இரண்டு பேரும் பார்ப்பார்கள். கடைசிப் பூச்சுக்கு முன்னால் லாக்கரில் ஒரு சொட்டு மஞ்சள் கலக்கச் சொன்னார் டேவிட்சன். இர்ஃபான் பாய் யோசித்து, இரண்டு சொட்டு விட்டார். அது காய்ந்தது. நாற்பது வருடம் ஒரேயடியாக அந்த மரத்தின்மேல் வந்து உட்கார்ந்திருந்தது. இர்ஃபான் பாய் பக்கத்துக் கடைக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். ஏழெட்டு மாத எரிச்சலில் அந்த ஒரு பிற்பகல்தான் டேவிட்சனுக்கு முழுச் சந்தோஷமாகக் கிடைத்தது.

கை வேர்வை பட்டால் பூச்சு கெட்டுவிடும், ஒரு வாரம் தொடாதீர்கள் என்று இர்ஃபான் பாய் சொல்லி அனுப்பினார். இந்தத் தடவை டேவிட்சன் பேச்சைக் கேட்டார். ஒரு வாரம் அலமாரிக்குள் தொங்கவிட்டு, நவம்பர் கடைசி ஞாயிறு காலையில் கழுத்தைப் பொருத்தி, வயரைச் சால்டர் வைத்து, புதுக் கம்பி கட்டி, சுருதி மட்டும் சேர்த்து, நேரே சபைக்கு எடுத்துப் போனார்.

ஆராதனை முடிந்ததும் கூட்டம் கூடிவிட்டது. பெண்கள் தொட்டுப் பார்த்தார்கள். லீவில் ஃபைலைத் தூங்கவைத்தவர், இது வெளிநாட்டிலிருந்து வந்ததா என்று கேட்டார். ஜெபராஜ் இரண்டு கையாலும் வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"அருமையா வந்திருக்கு டேவிட்சன். சும்மா சொல்லக்கூடாது."

"அப்பம் கீத ஆராதனையில வாசிக்கட்டுமா அண்ணாச்சி?"

"அதுக்கென்ன, பாப்போம்."

"பாப்போம்னா?"

"ஸ்பீக்கரு இங்கிலீஷ் சபைக்குள்ளது பாத்தியளா. இத அதுல மாட்டி எதும் ஆச்சுன்னா நாளைக்கு ஒரு பேச்சு வரும்."

"எங்கிட்ட தனியா ஆம்ப்ளிஃபயர் இருக்கு. அவங்க வயரயே தொட வேண்டாம்."

"சரிதான். நேரமும் இருக்குல்லா. ஆறு மணிக்கு இந்திக்காரன் வந்து நிப்பான்."

"மூணு நிமிசம் அண்ணாச்சி. நான் கடியாரம் வச்சுப் பாத்தாச்சு."

"இந்த வருசம் பாட்டெல்லாம் வரிசைப்படுத்தியாச்சே. அடுத்த வருசம் கண்டிப்பா..."

டேவிட்சனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஏ இல்லை, பி இல்லை, சி இல்லை. கலரே இல்லை. உப்புத்தாள் தேய்த்த தோள்பட்டை இப்போதும் வலித்தது. இந்த மனிதர்மேல் கோபப்படவும் முடியவில்லை. முகத்தில் அத்தனை அன்பு.

"அண்ணாச்சி, வேண்டாம்னு சொல்லிருங்க."

"என்ன தம்பி இப்பிடிப் பேசுதிய!"

"ஒரே ஒரு தடவ, டேவிட்சா, நீ வாசிக்க வேண்டாம்னு சொல்லிருங்க. நான் போயிருதேன்."

"யாரு வேண்டாம்னு சொன்னா? நல்ல காரியத்த யாராவது வேண்டாம்பாவளா?"

"சொல்லுங்க அண்ணாச்சி. ஒங்க கால்ல விழுந்து கேக்கேன்." குரல் உயர்ந்துவிட்டது. பாட்டுப் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். மைக் அலறாமலே சபை அவரைப் பார்த்தது.

ஜெபராஜ் நிஜமாகவே குழம்பிப்போனார். இரண்டு கையையும் விரித்தார். பிறகு, இதுகூட இந்த மனிதருக்குத் தெரியவில்லையே என்கிற இரக்கத்தோடு, தணிந்த குரலில் கேட்டார்:

"நீங்க முன்னால வந்து நின்னுட்டியன்னா மைக்க யாரு பாத்துக்கிடுவா?"

டேவிட்சன் கிட்டாரை வாங்கிப் பைக்குள் வைத்தார். வாசலில் இந்திச் சபைக்காரர்கள் வந்துவிட்டிருந்தார்கள். மைக் வயரைச் சுருட்டி அதன் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தார்; அந்தப் பழக்கத்தை அந்த நிமிடத்தில்கூட அவரால் விட முடியவில்லை. தெரசா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். ஸ்கூட்டரின் பின்னால் ஏறி, கிட்டாரை மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். ஜெனிஃபர் முன்னால் நின்றுகொண்டாள், பதிமூன்று வயதுக்கு அந்த இடம் பற்றாதென்றாலும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் டேவிட்சன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி ஹாலில் வைத்து, பிளக்கைச் சொருகி, சத்தத்தை முக்கால்வாசி திருகினார். சபை கேட்காவிட்டால் போகட்டும், ஜனக்புரி கேட்கட்டும் என்று தன் துண்டை ஆரம்பித்தார்.

நாலாவது சுரத்தில் விரல் வழுக்கிற்று. மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை மேலே ஏறுகிற இடத்தில் கம்பி கரகரத்தது. நெருக்கி அழுத்தினால் வலி உயிர் போயிற்று. விரல் நுனியைப் பார்த்தார். காய்ப்பு முழுக்க உதிர்ந்து, தோல் குழந்தைத் தோலாக இருந்தது. ஜூனில் கம்பியைக் கழற்றியவர், ஐந்து மாதமாக ஒரு சுரம் வாசிக்கவில்லை. கை விட்டுப்போகும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? ஆனால் ஐந்து மாதமும் அவர் நினைப்பெல்லாம் செம்மை எங்கே முடிய வேண்டும், ஓரம் எவ்வளவு கறுக்க வேண்டும் என்பதில்தான் இருந்தது. ஒரு நாள்கூட இரவல் கிட்டார் ஒன்றைக் கேட்டு வாங்கி உட்காரத் தோன்றவில்லை. தெரசாவும் ஜெனிஃபரும் சமையலறை வாசலில் நின்றார்கள். அவர்களைப் பார்க்காமல் மூன்றாவது தடவை ஆரம்பித்தார். நாலாவது தடவையும் ஆரம்பித்தார்.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. கீழ் வீட்டு குரானா ஆன்ட்டி, மாடிப்படி ஏறிய மூச்சு வாங்கலோடு இடுப்பில் கை வைத்து நின்றாள். சன்பர்ஸ்டை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாய்சாப், ஒன்று ஒழுங்காக வாசியுங்கள், இல்லை நிறுத்துங்கள். ஒரே இடத்தில் எத்தனை தடவை தப்பு விடுவீர்கள்?" என்று இந்தியில் படபடத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

ஏப்ரலிலிருந்து அவர் வாசிப்பைப் பற்றி ஒருவர் சொன்ன முதல் வார்த்தை அது. அது உண்மையாகவும் இருந்ததுதான் டேவிட்சனுக்குத் தாங்க முடியவில்லை.